கப்பல் கணக்கும் குலப் பெருமையும்

குலப் பெருமை பேசுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தால் ஏழு தலைமுறைக் கதை. சொத்துத் தகராறு வந்தால் பத்துத் தலைமுறைக் கதை. "எங்கள் வம்சம் என்ன லேசுப்பட்டதா?" என்று கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கிற பெரிய மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பெற்றவர் பெயர் என்ன, ஸ்வாமி?" மனிதர் மோட்டுவளையைப் பார்ப்பார். பிறகு, "எல்லாம் பெரியவர்கள் சொல்லிக் கேள்விதான்" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில், கவண்டர் என்றும் மூட்லி என்றும் பெயர் வைத்துக்கொண்டு, தமிழில் நாலு வார்த்தை பேச முடியாமல் இருக்கிற ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். தம் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர், அவருடைய தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பலேறியபோது என்ன வயது, எத்தனை அடி எத்தனை அங்குல உயரம் என்பது வரை அவரால் சொல்ல முடியும். இடது முழங்காலில் ஒரு தழும்பு இருந்தது என்றுகூடச் சொல்ல முடியும்.

இந்த அதிசயம் எப்படி நடந்தது?

சென்னைக் கடற்கரையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860-ஆம் வருஷம் அக்டோபரில் புறப்பட்டது. அப்போது சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. அலையைத் தாண்டி மசூலாப் படகுகளில் கொண்டுபோய்த்தான் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். நவம்பர் 16-ஆம் தேதி அந்தக் கப்பல் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. உள்ளே 342 பேர். கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் இவர்கள்தாம். அன்று முதல் 1911 வரை, இடையில் சில வருஷ நிறுத்தம் நீங்கலாக, கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். மொத்தம் 1,52,184 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையிலிருந்தும், மீதிப் பேர் கல்கத்தாவிலிருந்தும் ஏற்றப்பட்டவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், கடைசியில் எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்ற விவரம். இந்தப் பட்டியல்கள் இன்றும் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கம்ப்யூட்டரிலும் ஏற்றப்பட்டுவிட்டன.

ஆஹா, வெள்ளைக்காரனுக்குத்தான் எத்தனை ஒழுங்கு, எத்தனை பொறுப்பு என்று மெச்சிக்கொள்ள இதற்குள் சிலர் தயாராகியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சந்தையில் மாடு வாங்குகிறவன் சுழி பார்ப்பதில்லையா? கொம்பின் வளைவையும் நெற்றிச் சுட்டியையும் குறித்துக்கொள்வதில்லையா? மாட்டின் வம்சாவளியில் அவனுக்கு என்ன பக்தியா? தொலைந்தால் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் தழும்பு பட்டியலில் ஏறிய காரணமும் அதுதான். ஒப்பந்தத்தை முறித்து ஓடிய கூலியை இன்னொரு தோட்டத்தில் வைத்துப் பிடித்தால், "இவன்தான் அவன்" என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டுமே! பேரன் பேத்திகள் படித்து நெகிழட்டும் என்று எந்தக் குமாஸ்தாவும் அதை எழுதவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அதே காலத்தில் சொந்தச் செலவில் நேட்டாலுக்கு வியாபாரம் செய்யப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே 'பாஸஞ்சர் இந்தியர்' என்று பெயர். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் பிரயாணி; மற்றவர் சரக்கு. கப்பலேறும்போது பிரயாணியின் மச்சத்தை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கௌரவமாகப் போனவர் சுவடு தெரியாமல் போனார். சரக்காகப் போனவர் அங்குலம் அங்குலமாகப் பதிவானார். ஆகவே, இன்று கப்பல் பட்டியலில் பாட்டனைத் தேடுகிறவர் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் திறப்பது பிரயாணிகளின் புத்தகம் அல்ல. முதலாளிகளின் கொள்முதல் கணக்கு.

இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடுவதால் என்ன ஆகிறது? தேடுகிறவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு சித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. தாத்தா ஜமீன்தார் மகன், குடும்பத்தில் சண்டை, கோபித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். அல்லது பெரிய கோவில் அர்ச்சகர். அல்லது பட்டு வியாபாரி. சொல்லி வைத்தாற்போல எல்லாருக்கும் இதே கதைதான். இத்தனை ஜமீன்தார் மகன்களும் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நம் நாட்டில் ஜமீன் ஒழிப்புக்குச் சட்டமே தேவைப்பட்டிருக்காது! பட்டியலைப் பிரித்ததும் சித்திரம் கலைகிறது. மாதம் பத்து ஷில்லிங் சம்பளத்துக்கு, ஐந்து வருஷ ஒப்பந்தத்தில், கரும்பு வெட்டப் போன மனிதர் நிற்கிறார். உடனே முகம் வாடிப்போகிறது.

ஏன் வாட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்த கூலி அங்கேயே சுதந்திரமாக வாழ ஆசைப்பட்டால், வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895-இல் நேட்டால் சர்க்கார் சட்டம் போட்டது. மாதம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் சம்பாதிக்கிறவனுக்கு மூன்று பவுன் என்றால் ஐந்தாறு மாதச் சம்பளம். அந்த வரியை ஒழித்தது யார்? நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புக் காட்டிலும் வேலையை நிறுத்திய இதே கூலிகள். 1913 நவம்பரில் காந்தியின் பின்னால் ட்ரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அன்று தலையைத்தான் எண்ணினார்கள். தழும்பை யாரும் எழுதவில்லை. மறு வருஷமே வரி ஒழிந்தது. ஜமீன்தார் மகன் யாராவது இப்படி ஒரு சட்டத்தைத் தூக்கி எறிந்ததுண்டா? சரக்காகப் பதிவானவர்கள் மனிதர்களாக எழுந்து நின்ற சரித்திரம் இது. இதைவிட உயர்ந்த குலம் கோத்திரம் எதைத் தேடிக்கொண்டு போகிறீர்கள்?

பாட்டனைப் பற்றி வருந்துகிறவர்களாவது பரவாயில்லை. பாட்டியைப் பற்றிக் கூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டியலில் ஒரு பெண், வயது இருபத்திரண்டு, தகப்பன் பெயர் இருக்கிறது, கணவன் பெயர் இல்லை, இடுப்பில் ஒரு குழந்தை மட்டும். இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிட விரும்புகிற பேத்திகள் உண்டு. நூறு ஆண்களுக்கு இத்தனை பெண்களாவது ஏற வேண்டும் என்று சர்க்கார் விகிதம் வைத்திருந்தது. அதை நிரப்புவதற்காக, ஆள் பிடிக்கும் ஏஜெண்டு தனியாக நிற்கிற பெண்களைத் தேடி அலைந்தான். அவன் கண்ணில் பட்டவர்களில் விதவை உண்டு, அடி பொறுக்காமல் வீட்டை விட்டு வந்தவள் உண்டு, பஞ்சத்தில் எல்லாரையும் பறிகொடுத்தவள் உண்டு. 1876-இல் பிடித்த தாது வருஷப் பஞ்சத்தை நம் கிராமத்துக் கிழவிகள் நெடுங்காலம் சொல்லி அழுதார்கள். அந்தக் காலத்தில் ஒருத்தி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத தேசத்துக்குக் கப்பலேறத் துணிந்தாளே, அவளுடைய நெஞ்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு நம்மிடம் இருக்கிறதா? வெட்கப்பட வேண்டியவள் அவளா, கையில் குழந்தையோடு அவளை வீதியில் நிற்க விட்ட ஊரா?

இப்போது அந்த ஊருக்கு வருவோம். என் சண்டை முக்கியமாக அந்த ஊரோடுதான்.

பட்டியலின் நகலை வைத்துக்கொண்டு, ஏழு கடல் தாண்டி, பாட்டனின் கிராமத்தைத் தேடி இங்கே வருகிறவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். பாதித் தேடலும் வழியிலேயே திணறுகிறது. காகிதத்தில் 'வட ஆற்காடு ஜில்லா' என்று இருக்கும். இன்றையப் படத்தில் அப்படி ஒரு ஜில்லாவே கிடையாது. 1911-இல் அதிலிருந்து சித்தூர் பிரிந்தது. அது இன்று ஆந்திராவில் இருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சிய வேலூரிலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கிராமத்தின் பெயரோ, தமிழ் தெரியாத காது கேட்டு, ஆங்கிலப் பேனா எழுதியது. முனுசாமி 'மூன்சாமி' ஆனது போல ஊர்களும் உருமாறிவிட்டன. பெயர்களோடு அங்கே நடந்த விளையாட்டைக் காந்தியே தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். தமிழர் பெயர்கள் 'சாமி' என்று முடிவதைக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரர்கள் இந்தியர்களையே 'சாமி' என்று அழைத்தார்களாம். அவர்கள் வாயில் அது வசவு. அதற்கு எஜமான் என்று அர்த்தம் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது!

இவ்வளவையும் தாண்டி ஒருவர் சரியான கிராமத்துக்கே வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடை முன்னால் கார் நிற்கிறது. கூட்டம் சேர்கிறது. படித்த பையன் ஒருவன் காகிதத்தை வாங்கிப் பார்க்கிறான். தகப்பன் பெயரைத் தாண்டுகிறது அவன் விரல், வயதைத் தாண்டுகிறது, ஜாதி என்ற கட்டத்தில் வந்து நிற்கிறது. பிறகு வாயால் பதில் வருவதில்லை, கையால்தான் வருகிறது. ஒன்று, ஊர்த் தெருப் பக்கம் நீளும். அல்லது, காலனிப் பக்கம் நீளும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் விட்டுப்போன மனிதனின் பேரனை வரவேற்க நம்மிடம் இருக்கிற ஒரே அளவுகோல் அந்தக் கட்டம்தான். வந்தவருக்கு இந்தச் சைகையின் பொருள் புரிவதில்லை. புரியாமல் இருப்பதே அவர் செய்த புண்ணியம்.

அந்தக் கட்டத்தின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். ஆரம்ப காலத்துப் பட்டியல்களில் அங்கே 'மலபார்' என்றும் 'கிறிஸ்தவர்' என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். தமிழர்களை மலபார் என்பது அக்கால வெள்ளைக்காரர்களின் வழக்கம். மொழி, மதம், ஜாதி எல்லாம் அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரே குழப்பம். டிப்போவில் நின்றவர்களும் அசடுகள் அல்ல. ஊரை விட்டே கிளம்பிவிட்டவன் ஜாதியை மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று என்ன விதி? மேலே ஒன்றைச் சொன்னவன் உண்டு. ஏஜெண்டு சொல்லிக் கொடுத்ததைச் சொன்னவன் உண்டு. கப்பலின் கீழ்த்தளத்தில் ஐந்து வாரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவன் வாந்தியை ஒருவன் துடைத்துக்கொண்டு போனவர்களுக்கு அந்தக் கட்டத்தின் பொய் தெரிந்துபோயிருக்கும். நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

"எங்கள் ஊர் அப்படியில்லை, வந்தாரை வாழவைப்பவர்கள் நாங்கள்" என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்டுகிறேன். 1927-இல் இந்திய சர்க்காரும் தென்னாப்பிரிக்க சர்க்காரும் கேப் டவுனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தாய்நாடு திரும்பச் சம்மதிக்கும் இந்தியருக்குக் கப்பல் செலவோடு, ஆளுக்கு இருபது பவுன் இனாம். நம்பிக் கப்பலேறினார்கள் பலர். வந்து இறங்கியவர்களின் கதியை விசாரித்து பவானி தயாள் சன்னியாசியும் பனார்சிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கடல் தாண்டியவன், ஜாதி கெட்டவன், யாரோ பெற்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவன் என்று உறவுகளே கதவைச் சாத்தின. இனாம் கரைந்தது. பிறகு நகரத்துச் சேரிகளில் பட்டினி. பாட்டன் உயிரோடு வந்தபோது கதவடைத்த ஊர், இன்று பேரன் காரில் வந்தால் மாலை போடுகிறது. மாலை யாருக்கு? காருக்குத்தானே?

தில்லையாடி வள்ளியம்மையை நாம் மறக்கவில்லை, உண்மைதான். ஜோகானஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி பதினாறு வயதில் உயிரை விட்ட அந்தப் பெண்ணுக்கு நம்முடைய ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்து உரிமை கொண்டாடுகிறோம், மண்டபம் கட்டியிருக்கிறோம். செய்யவேண்டியதுதான். ஆனால் தியாகிக்கு மட்டும் ஊரைக் கொடுத்துவிட்டு, சாதாரணக் கூலியின் பேரனுக்குத் தெருவைக் காட்டுவது என்ன நியாயம்?

பட்டியல் கையில் இருப்பவர் நிலைமை இது. பட்டியலே இல்லாதவர் கதையும் இருக்கிறது. காகிதத்தைத் தெய்வமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் நம்மவர்கள்தாம். ஆரம்பத்தில் அவர்கள் கங்காணியின் பின்னால் ராமநாதபுரக் கரை வரை நடந்து, தோணியில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவனைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்களுக்குத் தகப்பன் பெயரும் தழும்பும் எழுதிய கப்பல் பட்டியல் கிடையாது. கங்காணியின் கடன் கணக்கு உண்டு. பிற்காலத்தில், தோட்டத்தின் எண்ணைப் பொறித்த தகர டிக்கெட் உண்டு. அந்தத் தகரத்தைப் பார்த்துத்தான் ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தான், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்தார்கள் என்று ருசு காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சீட்டு எங்கே இருக்கிறது? சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பிரச்சினை முற்றாகத் தீர 2003-ஆம் வருஷச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வருஷம்! மலையைத் தோட்டமாக்கிய கைகள் இருக்கின்றன, காகிதம் இல்லை. அதனால் ஆள் இல்லை என்றாகிவிட்டது.

மொரிஷியஸில் பட்டியல் மட்டுமா, கூலிகளைப் புகைப்படமே எடுத்து வைத்தார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் அவை பத்திரமாக இருக்கின்றன. அந்நாட்டவரில் ஏழாவது தலைமுறை வரைக்கும் கடல்கடந்த இந்தியர் அட்டை கொடுப்பதாக 2024-இல் நம் சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியம்; நான் ஒன்றும் பொறாமைப்படவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தக் கணக்கு அன்று ஒருவனைப் பிடித்து வைக்க எழுதப்பட்டதோ, அதுவே இன்று அவன் பேரனுக்கு உறவுச் சீட்டு. அந்தக் கணக்கில் சிக்காதவனுடைய பேரனுக்கோ உறவே சந்தேகம். அடிமைச் சாசனம்தான் உறவுக்கு ருசு என்றால், அந்த உறவைப் பற்றி நாம்தான் வெட்கப்பட வேண்டும்.

பட்டியலைத் தேட வேண்டாம் என்கிறேனா? ஒருபோதும் இல்லை. தேடுங்கள், ஒரு பெயரையும் விடாமல் தேடுங்கள். அதைப் படிக்கிற விதத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். குற்றப் பத்திரிகையைப் படிப்பதுபோல் படியுங்கள். அதிலே இரண்டு எதிரிகள் பெயர் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் இருக்கிற முதலாளி ஒருவன். நடுக் கட்டத்தில் இருக்கிற ஊர் மற்றொன்று. ஒருவன் மனிதனை வாங்கினான். மற்றொன்று அவனை விற்கும்படி விட்டது. அவன் போன பிறகு, "நம் ஊரில் இப்படி ஒருவன் இருந்தானே" என்று எழுதி வைக்கக்கூட அந்த ஊருக்குத் தோன்றவில்லை. வாங்கியவன் எழுதிவைத்த கணக்காவது இன்று மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கடனில் ஒரு பகுதியையாவது அடைக்க நமக்கு வழி இருக்கிறது. சிதைந்த ஊர்ப் பெயர்களைச் சரியாக வாசிக்க, டர்பனில் உட்கார்ந்திருப்பவரால் முடியாது. ஆரணிக்காரரும் போளூர்க்காரரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்களும், ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்களும் தங்கள் வட்டத்துப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, இன்ன பெயர் இன்ன ஊர் என்று எழுதி அனுப்பலாம். கோவில் திருப்பணிக்கு நோட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுகிறோமே, அதில் கால் பங்கு அலைச்சல் போதும்.

அப்படித் தேடி வந்தவர் உங்கள் வாசலில் நிற்கும்போது, காகிதத்தைக் கையில் வாங்கியதும் உங்கள் விரல் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். அங்கே போகாமல் அதைப் பிடித்து நிறுத்துங்கள். "வாருங்கள், சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். அவருடைய பாட்டனிடம் இந்த ஊர் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.